தலை சுத்துதுன்னா காதையும் பாருங்கய்யா

விருதுநகர் மாவட்டத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் "தலை சுத்துது" என்று வாயைத் திறந்தால் போதும், தீர்ப்பு தயாராக இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா பித்தம் என்பார், இஞ்சியைத் தட்டிச் சாறு குடிக்கச் சொல்வார். மருந்துக்கடைத் தம்பி லோ பிரஷர் என்பார், அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார். பெற்ற மகன் சுகர் இறங்கியிருக்கும் என்று மிட்டாயை நீட்டுவான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கழுத்து எலும்பு தேய்மானம் என்பார். கடைசியில் எல்லோரும் ஒன்றுகூடி முடிவாகச் சொல்வது: "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." காதைப் பற்றி மட்டும் ஒருவரும் பேச மாட்டார்கள்.

காது கேட்பதற்கு மட்டுமல்ல, உடம்பு நிலையாக நிற்பதற்கும்தான் என்று பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பரீட்சைக்கு எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். வீட்டில் ஒரு கிழவி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அந்தப் பாடம் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

என் அம்மா திருத்தங்கல் பக்கத்து ஆலைகளில் சரவெடி பின்னியே காலத்தைக் கழித்தவர். காலையில் தூக்குவாளியோடு ஆலை வண்டியில் ஏறினால், சாயங்காலம் வரை தரையில் உட்கார்ந்து, குனிந்த தலை நிமிராமல், ஒரு வெடியின் திரியை அடுத்த வெடியோடு சேர்த்துச் சேர்த்துக் கட்டிக்கொண்டே போகிற வேலை. எங்கள் சிவகாசி வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான பெண்களின் வேலை அது. நாட்டில் தயாராகும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இந்தக் கந்தக பூமியிலிருந்து போகிறது என்கிறார்கள். அந்தச் சரங்கள் அத்தனையிலும் இப்படிக் குனிந்த கழுத்துகளின் உழைப்பு இருக்கிறது.

வேலையை விட்டு நின்ற பிறகு ஒரு விடியற்காலம் அம்மா படுக்கையில் வலப்பக்கமாகப் புரண்டிருக்கிறார். "யய்யா, மச்சு அப்படியே சுத்துது, கட்டிலோட என்னையத் தூக்கி எறியிற மாதிரி இருக்கு" என்று கத்தினார். கட்டிலின் சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். அரை நிமிஷம் இருக்கும். நின்றுவிட்டது. பிறகு வாந்தி. அன்றிலிருந்து அது வாடிக்கையாகிவிட்டது. கொடியில் துணி காயப்போட அண்ணாந்தால் சுற்றியது. மேல் தட்டில் இருக்கும் பருப்பு டப்பாவை எடுக்கத் தலையைத் தூக்கினால் சுற்றியது. கோலம் போடக் குனிந்தால் சுற்றியது. அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஒன்றுமே இல்லை.

மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். "என்ன வேலைம்மா பாத்தீங்க?" என்று கேட்டார். "வெடி பின்னுனேன் சார்" என்றார் அம்மா. அதோடு முடிவாகிவிட்டது. "குனிஞ்சே வேலை பாத்திருக்கீங்க, கழுத்து எலும்பு தேஞ்சிருக்கும்." எக்ஸ்ரே எடுத்தார்கள். தேய்மானம் தெரிந்தது. தெரியத்தானே செய்யும்? அறுபது வயதில் யாருடைய கழுத்தைப் படம் எடுத்தாலும் கொஞ்சமாவது தேய்மானம் இருக்கும், தலை சுற்றாதவர்களுக்கும் இருக்கும். கழுத்துக்குப் பட்டை மாட்டிவிட்டார்கள், தலைசுற்றலுக்கு மாத்திரை எழுதினார்கள். மாத்திரையைப் போட்டால் எந்நேரமும் தூக்கக் கலக்கம், கால் தடுமாற்றம். மாத்திரை தீர்ந்ததும் மறுபடியும் பழைய கதை. இன்னொருவரிடம் போனோம், அவர் வேறு மாத்திரை எழுதினார்.

இத்தனை பேரில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "எப்பம்மா சுத்துது? எந்திரிச்சு நிக்கும்போதா, படுக்கையில புரளும்போதா? எவ்வளவு நேரம் சுத்துது?" இதைக் கேட்க எக்ஸ்ரே வேண்டாம், ஸ்கேன் வேண்டாம், காசும் வேண்டாம். கேட்டிருந்தால் பாதி நோய் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

அதற்குள் அம்மா பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டார். கல்யாண வீட்டுக்குப் போவது நின்றது. ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போகாத வருஷமே கிடையாது, அந்த வருஷம் போகவில்லை. "எங்கயாச்சும் விழுந்து வச்சா உங்களுக்குத்தானய்யா கஷ்டம்" என்றார். நோய் படுத்தியதைவிட விழுந்துவிடுவோமோ என்ற பயம் அவரை அதிகமாக முடக்கியது.

காதுக்குள் என்னதான் இருக்கிறது என்று ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் குச்சி விட்டுக் குடைகிற இடம் வெறும் வாசல். செவிப்பறைக்கு அப்பால், உடம்பிலேயே மிகக் கெட்டியான எலும்புக்குள் புதைந்து கிடப்பது உட்செவி. அதில் சுருளாக இருக்கும் பகுதி ஓசையைக் கவனிக்கிறது. அதை ஒட்டினாற்போல் இன்னொரு பகுதி இருக்கிறது. அதற்கும் ஓசைக்கும் சம்பந்தம் கிடையாது. கொத்தனார் தளம் போடும்போது ரசமட்டத்தை வைத்துப் பார்ப்பாரே, அதுபோல நம் தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று நொடிக்கு நொடி மூளைக்குச் சொல்வதுதான் அதன் வேலை. வலக்காதில் ஒன்று, இடக்காதில் ஒன்று.

அதில் மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு. ஒன்றுக்கொன்று செங்குத்தாக, மூன்று திசைக்கு மூன்று. உள்ளே நீர் நிறைந்திருக்கும். தலை திரும்பும்போது குழலும் கூடவே திரும்பும், ஆனால் உள்ளிருக்கும் நீர் சற்றுப் பின்தங்கும். அந்தப் பின்தங்கலில் குழலின் அடியில் இருக்கும் மெல்லிய தடுப்பு வளையும். அதில் பதிந்திருக்கும் நுண்ணிய மயிரிழைச் செல்கள் சாயும். சாய்ந்ததும் நரம்பு வழியே மூளைக்குச் சேதி போகும். சின்ன வயதில் கையைக் கோத்துத் தட்டாமாலை சுற்றிவிட்டுச் சட்டென்று நின்றால் தெரு முழுக்கச் சுற்றுமே, அது இதனால்தான். நாம் நின்றுவிட்டோம், உள்ளே நீர் இன்னும் நிற்கவில்லை.

குழல்களை அடுத்து இரண்டு சிறு பைகள். நேராகப் போகிறோமா, மேலே ஏறுகிறோமா, தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் இவற்றின் பொறுப்பு. மயிரிழைச் செல்களின் மேல் பசை போன்ற ஒரு படலம், அந்தப் படலத்தின் மேல் பொடிப்பொடியாகக் கற்கள். தலைமுடியின் பருமனைவிடச் சிறிய கற்கள். அவை கால்சியம் கார்பனேட். அருப்புக்கோட்டையைத் தாண்டிப் பந்தல்குடிப் பக்கம் சிமென்ட்டுக்காக வெட்டி எடுக்கிறார்களே சுண்ணாம்புக்கல், அதே பொருள்தான். தலை சாய்ந்தால் இந்தக் கற்களின் பாரம் ஒரு பக்கமாக இழுக்கும், செல்கள் அதை உணர்ந்து சொல்லும்.

வயதாக ஆக இந்தப் பொடிக்கற்கள் உடையும், பிடிமானம் விட்டு உதிரும். உதிர்ந்த துகள் அரைவட்டக் குழலுக்குள் போய் விழுந்துவிட்டால் வந்தது வினை. பெரும்பாலும் பின்பக்கக் குழலில்தான் விழும், ஏனென்றால் அதுதான் தாழ்வாக இருக்கிறது. பிறகு படுக்கையில் புரண்டால், அண்ணாந்தால், குனிந்தால், துகள் குழலுக்குள் உருண்டு நீரை இழுக்கும். தலை நின்ற பிறகும் நீர் நகரும். "சுத்துறோம்" என்று அந்தக் காது மூளையிடம் சொல்லும், மற்ற காது "இல்லையே" என்று சொல்லும், கண்ணும் இல்லை என்று சொல்லும். மூளை குழம்பிப்போகும். துகள் ஓரிடத்தில் படிந்ததும், ஒரு நிமிஷத்துக்குள், எல்லாம் அடங்கிவிடும். உலகம் முழுக்கச் சுழல்கிற தலைசுற்றலுக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது, ஐம்பதைத் தாண்டினால் இன்னும் அதிகம். எலும்பு வலுவிழந்தவர்களுக்கும் வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும் அடிக்கடி வருகிறது. வெயிலுக்குப் பஞ்சமே இல்லாத மாவட்டம் இது. ஆனால் பகல் முழுக்க ஆலைச் சுவருக்குள் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தோலில் எத்தனை நேரம் வெயில் படுகிறது?

இதெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. வியன்னாவில் ராபர்ட் பாரானி என்ற காது மருத்துவர், காதைக் கழுவும்போது தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தாலோ சூடாக இருந்தாலோ நோயாளிகளுக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். அதைப் பிடித்துக்கொண்டு உட்செவியைச் சோதிக்கும் முறையை உருவாக்கினார். அதற்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். படுக்கும் நிலையை ஒட்டி வரும் இந்தத் தலைசுற்றலை 1921-லேயே அவர் விவரித்து எழுதினார். 1952-ல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் இதைப் படுக்கையிலேயே கண்டுபிடிக்கும் சோதனையை விளக்கினார்கள். அமெரிக்காவில் ஜான் எப்லி என்பவர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பித் துகளைக் குழலிலிருந்து வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று காட்டினார். முதலில் யாரும் நம்பவில்லை. 1992-ல் அவருடைய கட்டுரை வெளிவந்த பிறகு உலகமே அதைச் செய்கிறது.

கடைசியில் மதுரையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவரிடம் அம்மாவைக் காட்டினோம். அவர் முதலில் கேட்டதே "படுக்கையில எந்தப் பக்கம் புரண்டா சுத்துது?" என்றுதான். அம்மாவைக் கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்தார். தலையை வலப்பக்கம் பாதி திருப்பிப் பிடித்துக்கொண்டு, அப்படியே மல்லாக்கப் படுக்கவைத்தார். தலை கட்டிலின் விளிம்பைத் தாண்டிச் சற்றுக் கீழே தொங்கியது. "கண்ணை மூடாதீங்கம்மா, என்னையே பாருங்க." ஓரிரு விநாடியில் அம்மாவின் கருவிழிகள் துடிக்க ஆரம்பித்தன. ஒரே பக்கமாகச் சுழன்று சுழன்று வெட்டின. அம்மா அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டார். "இதோ நின்னுரும், இதோ நின்னுரும்" என்று சொல்லிக்கொண்டே அவர் காத்திருந்தார். நின்றதும் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து உடம்பையும் இடப்பக்கம் ஒருக்களிக்க வைத்து, மூக்கு தரையைப் பார்க்கும்படி திருப்பினார். பிறகு மெதுவாகத் தூக்கி உட்காரவைத்தார். அவ்வளவுதான். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. "சில பேருக்கு இன்னொரு தடவை செய்ய வேண்டியிருக்கும், திரும்ப வந்தாலும் வரும், பயப்படாதீங்க" என்றார். அன்று இரவு அம்மா வலப்பக்கம் புரண்டு படுத்துத் தூங்கினார்.

பத்து நிமிஷ வேலை. பத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஓரிரு முறையிலேயே சரியாகிவிடும் சிகிச்சை. முப்பது வருஷத்துக்கு மேலாக உலகம் அறிந்த முறை. எங்கள் ஊரின் முட்டுச்சந்து வரைக்கும் செல்போன் வந்துவிட்டது, கொரியர் வருகிறது, மினரல் வாட்டர் வண்டி வருகிறது. இந்தப் பத்து நிமிஷ வித்தை ஏன் வரவில்லை? தலைசுற்றலை அமுக்கும் மாத்திரைகளை இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. அவை துகளை நகர்த்தாது. தூக்கத்தைக் கொடுக்கும், முதியவர்களை விழவைக்கும். அவற்றில் சில வகைகளை மாதக்கணக்கில் விழுங்கினால் கை நடுக்கமும் உடம்பு இறுக்கமும் வரும். ஆனாலும் எங்கள் ஊர்ப் பாட்டிகளின் சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் அந்த மாத்திரை அட்டை இருக்கிறது.

எல்லாத் தலைசுற்றலும் கல் உதிர்வதால் வருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இரத்தசோகை உண்டு, எழுந்து நின்றால் பிரஷர் இறங்குவது உண்டு, சர்க்கரை உண்டு, இதயக் கோளாறு உண்டு, சாப்பிடுகிற மாத்திரைகளின் வேலையும் உண்டு. அவற்றைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வரிசையில் காதுக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கல் உதிர்வது திடீரென்று வந்து பயமுறுத்தும். இன்னொன்று சத்தமே இல்லாமல் வரும். உட்செவியின் மயிரிழைச் செல்கள் போனால் போனதுதான், மனிதருக்கு அவை பழையபடி முளைப்பதில்லை. நடுவயதிலிருந்தே அவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகின்றன. நரம்பிழைகளும் குறைகின்றன. அமெரிக்காவில் நாற்பது வயதைத் தாண்டியவர்களைப் பஞ்சு மெத்தையின் மேல் கண்ணை மூடி நிற்கவைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 35 பேருக்கு இந்த உறுப்பு சரியாக வேலை செய்யவில்லை என்று 2009-ல் வெளியான ஆய்வு சொன்னது. அந்தக் காலத்தில் காசநோய்க்கு மாதக்கணக்கில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இந்தச் செல்கள் முன்பே அடிபட்டிருக்கக் கூடும். அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு.

நாம் விழாமல் நிற்பது மூன்றின் தயவால். கண், காலும் மூட்டுகளும் தருகிற உணர்வு, உட்செவி. ஒன்று தளர்ந்தால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். எங்கள் ஊர் முதியவர்களின் நிலைமையைப் பாருங்கள். கண்ணில் புரை. பல வருஷச் சர்க்கரையால் உள்ளங்கால் மரத்துப்போயிருக்கிறது, செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரிவதில்லை. உட்செவி வயதால் தேய்ந்திருக்கிறது. இந்த நிலையில் ராத்திரி இரண்டு மணிக்குக் கொல்லைப்புறக் கழிப்பறைக்குப் போக எழுகிறார்கள். கரண்ட் இல்லை என்றால் கண்ணும் கைவிட்டது. ஈரத் தரையில் கால் பட்டால் மிச்சமிருந்ததும் போயிற்று. மறுநாள் காலை இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது "கால் வழுக்கிருச்சு" என்கிறோம். கால் மட்டுமா வழுக்கியது? உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்து உயிரை விடுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஐந்தில் நான்கு பங்கு நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாடுகளில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடக்கும்போது தலை ஆடினாலும் பார்வை ஆடாமல் இருப்பது உட்செவியும் கண்ணும் கைகோத்து வேலை செய்வதால். தலை அசைந்த கணத்தில், நாம் நினைப்பதற்கு முன்பே, கருவிழி எதிர்ப்பக்கம் நகர்ந்து சரிசெய்துவிடும். உட்செவி தளர்ந்தவர்களுக்கு இந்தச் சரிசெய்தல் பிந்தும். நின்று பார்த்தால் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரியும், நடந்துகொண்டே பார்த்தால் எழுத்துகள் குதிக்கும். "கண்ணு மங்கிருச்சு" என்று கண்ணாடியை மாற்றுகிறோம். மாற்றிய கண்ணாடியிலும் எழுத்து குதிக்கிறது.

பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று மூன்று தொழிலில் வாழ்கிற வட்டாரம் எங்களுடையது. அருப்புக்கோட்டையில் விசைத்தறி, ராஜபாளையத்தில் நூற்பாலை. நாள் முழுக்க இரைச்சலில் நிற்கிறவர்கள் எத்தனையோ பேர். கேட்கும் சுருளும் நிலைகாக்கும் பைகளும் ஒரே எலும்புக்குள், அடுத்தடுத்து இருப்பவை. பேரிரைச்சல் சுருளைக் கெடுக்கும்போது பக்கத்துப் பையையும் பாதிக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பட்டாசு வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-லேயே விதி போட்டார்கள். நம் பிள்ளைகள் யார் 4 மீட்டர் தள்ளி நிற்கிறார்கள்?

ஆலை வெடித்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். நடுவிலும் பிறகும் எத்தனையோ விபத்துகள். வெடியின் அழுத்த அலை உடம்பில் முதலில் தாக்கும் உறுப்புகளில் ஒன்று காது. செவிப்பறை கிழியும், உட்செவியும் அதிரும், கற்கள் உதிரும். தீக்காயம் கண்ணுக்குத் தெரியும், தழும்பு தெரியும், அதற்கு வார்டு உண்டு, மருந்து உண்டு. பிழைத்து வந்தவர் ஆறு மாதம் கழித்து "நடந்தா ஒரு பக்கமா தள்ளுதுண்ணே, ஏணியில ஏற முடியல" என்று சொன்னால் "அது பயத்துல வர்றது" என்று அனுப்பிவிடுகிறார்கள். பயம் இருக்கும், யார் இல்லை என்றது? ஆனால் காதைப் பார்த்துவிட்டு அல்லவா அதைச் சொல்ல வேண்டும்?

சட்டத்திலும் இதே குறை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் தொழிலால் வரும் நோய்களின் அட்டவணை இருந்தது. இரைச்சலால் காது கேளாமல் போவது அதில் இருந்தது. நிலை தடுமாறுவது இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. காது கேளாமை உண்டு, உட்செவி கெட்டு நிற்க முடியாமல் போவதற்குத் தனி இடம் கிடையாது. காது என்றால் கேட்பது மட்டும்தான் என்று சட்டமும் முடிவு செய்துவிட்டதா?

முடியாத காரியத்தை நான் கேட்கவில்லை. முடியும் என்று காட்டியதே எங்கள் தென்மாவட்டம்தான். 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராகக் கண் முகாம் போட்டார்கள். இன்று எங்கள் கிராமத்துப் பாட்டிகூடப் புரை என்றால் என்ன, லென்ஸ் என்றால் என்ன என்று சொல்வார். முதியோருக்கென்று தனி வெளிநோயாளிப் பிரிவை டாக்டர் வ.செ. நடராஜன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-லேயே தொடங்கினார். கண்ணுக்கு நடந்தது காதுக்கு ஏன் நடக்கக் கூடாது? கண் அறுவைக்காவது கத்தி வேண்டும், லென்ஸ் வேண்டும். உதிர்ந்த கல்லை நகர்த்த ஒரு கட்டிலும் பழகிய இரண்டு கைகளும் போதும்.

2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். நல்ல திட்டம், மனதாரப் பாராட்டுகிறேன். வருகிறவர்கள் குறித்துக்கொள்ளும் நோட்டில் இன்னும் இரண்டு கேள்வியைச் சேருங்கள்: "கடந்த ஒரு வருஷத்தில் விழுந்தீர்களா? படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறதா?" விருதுநகரில் 2022-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் இயன்முறை சிகிச்சையாளர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் இந்தச் சோதனையையும் சிகிச்சையையும் கற்றுக்கொள்வார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தலையில் அடிபட்ட வீரர்களுக்காகக் காத்தோர்ன், குக்சி என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் கண், தலை, உடம்பு அசைவுப் பயிற்சிகளை வகுத்தார்கள். உட்செவி தளர்ந்தவர்களுக்கு இன்றும் அவை கைகொடுக்கின்றன, மூளை புதிதாகப் பழகிக்கொள்கிறது. வெடிவிபத்தில் பிழைத்தவர்களுக்கு அந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும், வீட்டுக்கு அனுப்பும்போதும் சில மாதம் கழித்தும் காதைச் சோதிக்க வேண்டும். பஸ் நிலையப் படிகளுக்குக் கைப்பிடிக் கம்பி வைக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அம்மாவோ அப்பாவோ தலை சுற்றுகிறது என்றால் அதட்டாமல் கேளுங்கள்: எப்போது, எந்த அசைவில், எவ்வளவு நேரம். எழுதி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், காதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். யூடியூப்பைப் பார்த்து நீங்களே வயதானவர்களின் கழுத்தைத் திருப்பாதீர்கள், கழுத்துக் கோளாறோ இதயக் கோளாறோ இருந்தால் ஆபத்து. தலைசுற்றலோடு பேச்சு குழறினால், வாய் கோணினால், கை கால் பலம் இழந்தால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நிற்கவே முடியாமல் போனால் அது பக்கவாதமாக இருக்கலாம். காதைப் பற்றி யோசிக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கழிப்பறைக்குப் போகிற வழியில் ராத்திரி விளக்கு ஒன்று போடுங்கள், சுவரில் பிடிக்க ஒரு கம்பி அடியுங்கள். காலுக்குப் பிடிப்பான செருப்பு வாங்கிக் கொடுங்கள். தினமும் கொஞ்ச தூரம் நடக்க வையுங்கள், நடக்காமல் முடங்கினால் இருக்கிற நிலைத்தன்மையும் போய்விடும்.

"வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்பதை மட்டும் தயவுசெய்து இனிமேல் சொல்லாதீர்கள். வயதானால் உட்செவி தேயும், அது உண்மை. ஆனால் தேய்ந்ததற்குப் பயிற்சி இருக்கிறது, உதிர்ந்த கல்லுக்குப் பத்து நிமிஷ வைத்தியம் இருக்கிறது. இருக்கிற வைத்தியத்தைக் கொடுக்காமல் ஒரு முதியவரை முடங்க விடுவதற்கு வயது காரணம் இல்லை, நம் அலட்சியம்தான் காரணம்.